ஆய்வு மாணவருக்குக் கற்பிக்கக் கற்பித்தல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன், நல்லாசிரியர் யார், பாடம் சொல்லும் முறை யாது, மாணாக்கர் எத்தனை வகையினர் என்பவற்றைத் தன் பாயிரத்தில் விரிவாக ஆராய்கிறது. அங்கே ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை முழுவதும் உள்ளத்தில் வாங்கிக்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வாரோடு கலந்து உசாவுவதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும் என்பது அக்கணக்கு.

இக்கணக்கு மெய்யாயின், நம் இறையியல் முனைவர்களிற் பலர் அரைப் புலமையோடு பட்டம் பெறுகின்றனர் என்று சொல்ல நேரும். இது கடுஞ்சொல் என்று சிலர் வருந்தக்கூடும். ஆயினும் நிலைமையை எண்ணிப் பார்ப்போம். இளம் போதகர் ஒருவர் பி.டி. முடித்துச் சில ஆண்டுகள் சபை ஊழியம் செய்கிறார், எம்.டிஎச். படிக்கிறார், பின்னர் முனைவர் பட்ட ஆய்வில் சேருகிறார். நான்கு ஐந்து ஆண்டுகள் நூலகத்தில் கழிகின்றன. அவருடைய ஆய்வேட்டை மூவர் நால்வர் படிக்கின்றனர். வாய்மொழித் தேர்வில் தம்மினும் கற்றவர் முன் தம் கருத்தை நிலைநாட்டுகிறார். அடுத்த ஜூன் மாதத்தில் முப்பது மாணவர் அமர்ந்த வகுப்பறைக்குள் அனுப்பப்படுகிறார். தம்மினும் குறைவாகக் கற்றவருக்கு ஒன்றை விளங்க வைக்கும் வேலையை அந்த ஆண்டுகளில் எவரும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. தொடக்கப் பள்ளியில் அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பவருக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ரோமர் நிருபத்தைச் சொல்லிக் கொடுப்பவருக்கு வேண்டாம் என்ற ஏற்பாடு எங்ஙனம் வந்தது என்பது வியப்பே.

இது நம் இறையியல் கல்லூரிகளுக்கு மட்டும் உரிய குறையன்று. நம் நாட்டு உயர்கல்வி முழுவதும் நெடுங்காலம் இவ்வழியே சென்றது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்துப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்படுத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள், பணியில் சேர்ந்துவிட்ட விரிவுரையாளருக்கே பயிற்சி தந்தன. 1989இல் தொடங்கிய நெட் தேர்வின் முதல் தாள் கற்பிக்கும் திறனைச் சோதிப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் அது விடைகளைத் தேர்ந்தெடுக்கும் தாள். நீந்தத் தெரியுமா என்பதைக் கரையில் அமர்ந்து எழுதிக் காட்டச் சொல்வதுபோன்றது அது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைதான், புதிதாக ஆய்வில் சேருவோர் எத்துறையினராயினும் தம் பாடத்தைக் கற்பிக்கும் முறையையும் எழுதும் முறையையும் ஆய்வுக் காலத்திலேயே பயில வேண்டும் என்று வகுத்தது. 2022 நவம்பரில் வெளிவந்த மானியக் குழுவின் பி.எச்டி. விதிமுறைகள் அதனைச் சட்டமாக்கின.

அவ்விதியை நுணுகிப் படித்தல் நலம். அதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஆய்வாளர் அனைவரும் தம் பாடத்தையொட்டிய கற்பித்தல் பயிற்சி பெற்றே ஆகவேண்டும் என்பது ஒன்று. வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் சிறுகுழு வகுப்பு, ஆய்வுக்கூடப் பணி, விடைத்தாள் மதிப்பீடு ஆகியவற்றில் அவர்களை ஈடுபடுத்தலாம் என்பது மற்றொன்று. முன்னது கடமை, பின்னது விருப்பம். பின்னதை ஆவலோடு ஏற்றுக்கொண்டு முன்னதை மறந்துவிடும் சோதனை கல்லூரித் தலைவர்களுக்கு எளிதில் வரும். ஆசிரியர் விடுப்பில் சென்றால் ஆய்வு மாணவரை வகுப்புக்கு அனுப்புவதும், கட்டுக்கட்டாக விடைத்தாள்களை அவர் மேசைமேல் வைப்பதும் பயிற்சியாகா. அது கூலியில்லா வேலை. இவ்விதி நம் இறையியல் கல்லூரிகளை நேராகக் கட்டுப்படுத்துமா என்ற சட்டவாதம் இங்கு வேண்டாம். அது கட்டளையிடும் காரியம் நமக்கு வேண்டுவதுதானா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பட்டமும் கற்பித்தலும்

டாக்டர் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கற்பிப்பவர் என்பதே பொருள். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பட்டம் என்பது கற்பிக்கும் உரிமம். புதிதாய்ப் பட்டம் பெறுபவர் ஆசிரியர் குழாத்தின் முன் ஒரு விரிவுரை நிகழ்த்தியே அக்குழாத்தினுட் சேர்ந்தார். 1810இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகத்தின் வழியாய்ப் பரவிய ஆய்வுக் கல்வி முறை, புதிய அறிவைக் கண்டுபிடிப்பதைப் பட்டத்தின் உள்ளுயிர் ஆக்கியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. விவிலிய ஆய்வில் நாம் இன்று நிற்கும் தளமே அதனால் அமைந்தது. ஆயினும் ஜெர்மானியர் பழையதை முற்றும் கைவிடவில்லை. அங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்யும் உரிமை பெறுவதற்கு முனைவர் பட்டத்தின்மேல் மற்றொரு தகுதியும், ஆசிரியர் குழுவின் முன் ஒரு சோதனை விரிவுரையும் வழக்கமாயின. நாமோ அவர்களிடமிருந்து ஆய்வேட்டை வாங்கிக்கொண்டோம். சோதனை விரிவுரையை அங்கேயே விட்டுவிட்டோம்.

அந்தப் பழைய முறையில் உரிமம் பெற்ற ஒருவர் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கே வந்தார். பிரான்சிஸ் சவேரியார் 1530இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கலை முதுவர் பட்டம் பெற்று, அந்நகரின் கல்லூரி ஒன்றில் அரிஸ்டாட்டிலைக் கற்பித்தவர். 1542இல் இக்கரையை அடைந்தபோது அவருடைய பாரிஸ் புலமையால் உடனடிப் பயன் ஒன்றும் இல்லை. போர்த்துக்கீசியமும் தமிழும் அறிந்த சிலரைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1544இல் தம் உடன் ஊழியர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்திருந்தது. அதை நீக்கி 'விசுவாசம்' என்ற சொல்லையே பயன்படுத்துமாறு அவர் எழுதுகிறார். சிறுவரும் பெரியோரும் நாள்தோறும் ஒப்பித்த பிரமாணத்தில், நம்பிக்கை வேண்டுகோளாக மாறியிருந்தது! சவேரியாரின் திருச்சபையோடும் அவருடைய திருமுழுக்கு முறைகளோடும் நமக்குள்ள வேறுபாடுகளை ஒருபுறம் வைப்போம். தாம் சொல்லிக்கொடுத்ததைத் தாமே திரும்பிப் பார்த்து, ஒரு சொல் கேட்போர் செவியில் என்ன பொருள் தருகிறது என்று விசாரித்த அந்தப் பழக்கமே இங்கு நமக்கு வேண்டுவது. அவருக்குப்பின் வந்து, 1600இல் இறக்கும்வரை இக்கரையில் உழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் தமிழுக்கு இலக்கணம் எழுதியதும், 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டதும் அதே கவலையின் தொடர்ச்சியாகும்.

நம் சொந்த மரபிலும் பாடங்கள் உண்டு. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள சாயர்புரத்திற்கு 1842இல் வந்த ஜி. யு. போப் அப்பொழுது இருபத்திரண்டு வயதினர். அங்கே அவர் நிறுவிய செமினரி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி தந்து ஆசிரியராகவும் உபதேசியாராகவும் அனுப்பியது. 1883இல் பேராயர் கால்டுவெல் அக்கல்லூரிப் பணியைத் தூத்துக்குடிக்கு மாற்றினார். போப்பையர் பெரும்புலவர் ஆயினார், கண்டிப்புக்கும் பேர்பெற்றவர். பெரும்புலமையும் பொறுமையுள்ள கற்பித்தலும் எப்பொழுதும் ஒரே ஆளிடம் பிறவியிலேயே கூடிவருவதில்லை என்பதற்கு அவரைச் சான்றாகச் சொன்னால் அவர்மேல் நாம் கொண்ட மதிப்பு குறையாது.

நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனே இளையோருக்குக் கற்பித்தான். அவனைச் சட்டாம்பிள்ளை என்றனர். மதராஸ் எழும்பூரின் அநாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் கையாண்டு 1797இல் நூலாக வெளியிட்ட முறை, மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது. இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. சாயர்புரம் செமினரியில் பயின்ற அருமைநாயகத்திற்குச் சட்டாம்பிள்ளை என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவர் 1857இல் நாசரேத் வட்டாரத்தில் மிஷனரியோடு மாறுபட்டுத் தனிச்சபை கண்டதை வரலாறு அறிவோம். கற்பிக்கப் பழகியவன் தானே சிந்திக்கவும் பழகிவிடுகிறான். இளைஞர் கையில் வகுப்பை ஒப்படைக்க மூத்தோர் சிலர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

வகுப்பறையில் நேர்வது

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி ஒன்றில் புதிதாய்ப் பட்டம் பெற்று வந்திருந்த இளைஞரின் வகுப்பில் நாம் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். ரோமர் 3:25இல் கிருபாதாரபலி என்று நம் வேதாகமத்தில் வரும் சொல்லைப் பற்றிய பாடம். கிரேக்க மூலச்சொல், அது எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் வரும் இடங்கள், டாட் ஒருபுறமும் மாரிஸ் மறுபுறமுமாக நடத்திய வாதம் யாவும் தெளிவாக வந்தன. நாற்பது நிமிடங்கள் சென்றபின் கடற்கரை ஊரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீட்டில் போய் நின்று இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். ஆசிரியர் சற்று நின்று, அது செயல்முறை இறையியலில் வரும் என்று கூறி அடுத்த பகுதிக்குச் சென்றார். அவர் கெட்டிக்காரர், அன்புள்ளவருங்கூட. அக்கேள்வியை ஐந்தாண்டு ஆய்வுக் காலத்தில் ஒருமுறையேனும் அவரிடம் எவரும் கேட்டதில்லை. கேட்கும் இடத்தில் அவரை எவரும் நிறுத்தியதும் இல்லை.

நன்னூல் ஆசிரியர் ஆகத் தகாதவரை நான்கு உவமைகளாற் காட்டுகிறது. அவற்றுள் பருத்திக் குண்டிகை ஒன்று. குறுகிய வாயுள்ள கலத்துள் பருத்தியைச் சிறிது சிறிதாகத் திணிக்க வேண்டும். எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே பிடுங்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வு தன் இயல்பினாலேயே நம்மைப் பருத்திக் குண்டிகை ஆக்குகிறது. ஒரு சொல்லை, ஒரு வசனத்தை, ஒரு பத்தாண்டை ஆழ்ந்து நோக்கும் பழக்கம் அதற்கு வேண்டும். வகுப்பறைக்கு வேண்டுவது வேறு: எதைச் சொல்லாமல் விடலாம் என்ற தெளிவு.

மொழிச் சிக்கல் இதனை இரட்டிப்பாக்குகிறது. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது; மாணவர் தமிழில் கேட்கின்றனர்; சபையார் வீட்டுத் தமிழில் வாழ்கின்றனர். 1969இல் திருமறையூர்க் கல்லூரியும் தரங்கம்பாடி லுத்தரன் செமினரியும் இணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவானபோது, தமிழ் மண்ணில் ஊன்றிய இறையியற் கல்வி நம்மவர் பலரின் கனவாயிருந்தது. அக்கனவு கலைச்சொல் அகராதியால் மட்டும் நிறைவேறாது. 'எஸ்கட்டாலஜி' என்பதை இறுதியியல் என்று மாற்றிவிட்டால் பாடம் தமிழாகிவிட்டது என்று நினைப்பது, 'வேணும்' என்ற சொல்லைப் பிரமாணத்தில் வைத்துவிட்டு மனநிறைவு கொள்வதற்கு ஒப்பாகும்.

பயிற்சி நடைபெறும் விதம்

கற்பித்தல் கைத்தொழிலைப்போல் அருகிருந்து கற்க வேண்டியது. இதற்கு நம் கடற்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இக்கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். ஜப்பானியர் நெடுங்காலம் பொத்திக் காத்த தொழில் அது. உயிருள்ள சிப்பியின் உடலுக்குள் ஒரு சிறுமணியையும், மற்றொரு சிப்பியின் மேலுறையிலிருந்து வெட்டிய சிறு துண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். கை சற்றே தவறினால் சிப்பி மாளும். அல்லது மணியை வெளியே தள்ளிவிடும். அக்கட்டுரைகளைப் படித்தறிந்த அனைவரும் அதைச் செய்துவிட முடியாது. தெரிந்தவர் செய்யப் பார்த்து, அவர் பார்க்கத் தாம் செய்து, கெட்டுப்போன சிப்பியைப் பிரித்து எங்கே தவறிற்று என்று இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் அது கைவரும்.

ஆய்வு மாணவருக்கும் அவ்வாறே செய்யவேண்டும். முதலாண்டில் அவரை வகுப்புக்கு அனுப்பலாகாது. அப்பொழுது அவர் தம் ஆய்வுப் பொருளைத் தேடித் தவிக்கும் நிலையில் இருப்பார். ஆயினும் அவ்வாண்டிலேயே நல்லாசிரியர் இருவர் மூவரின் வகுப்புகளில் அமர்ந்து, என்ன சொன்னார் என்பதை விட்டு, எப்படிச் சொன்னார், எங்கே மாணவர் முகம் சுருங்கிற்று என்பதைக் குறித்துவரச் சொல்லலாம். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தின் ஒரு பகுதியை, ஆறேழு வகுப்புகள் அளவில், அவரிடம் ஒப்படைக்க வேண்டும். நெறியாளர் ஒவ்வொரு வகுப்பிலும் பின்வரிசையில் அமர்தல் இன்றியமையாதது. முத்துக் குளிப்பவர் கடலுள் இறங்கும்போது படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மைத்துனனே அக்கயிற்றைப் பிடிப்பது வழக்கம், தன் சகோதரி தாலியிழக்க அவன் விடமாட்டான் என்று கடற்கரையிற் சொல்லுவார்கள். நெறியாளருக்கு அத்தகைய அக்கறை வேண்டும். வகுப்பு முடிந்த அன்றே இருவரும் அமர்ந்து பேசவேண்டும். ஒரு வாரம் கழித்துப் பேசினால் இருவருக்கும் மறந்துவிடும்.

வினாத்தாள் அமைப்பதையும் விடைத்தாள் திருத்துவதையும் நாம் மிகவும் அசட்டை செய்கிறோம். ஒரே பத்து விடைத்தாள்களை நெறியாளரும் ஆய்வாளரும் தனித்தனியே திருத்திப் பின் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு விடைக்கு ஒருவர் 7 மதிப்பெண்ணும் மற்றவர் 12 மதிப்பெண்ணும் தந்திருப்பதைக் கண்டால், எதை நாம் கற்றல் என்று கருதுகிறோம் என்ற வினா தானே எழும். அவ்வொரு மாலையில் கற்பது கல்வியியல் நூல் ஒன்றைப் படித்துக் கற்பதினும் அதிகம்.

எல்லாவற்றிலும் கடினமான வகுப்பைக் கடைசியில் தரவேண்டும். அது இறையியல் மாணவர் வகுப்பன்று. ஞாயிறு பாடசாலை ஆசிரியரும், உப்பளத்தில் வேலை செய்வோரும், துறைமுகக் கூலியாட்களும், கடற்றொழில் செய்வோரும் வந்தமரும் சபை வகுப்பு. தம் ஆய்வேட்டின் மையக் கருத்தை அங்கே நான்கு மாலைகளில், ஓர் ஆங்கிலச் சொல்லும் கலவாமல், கேள்விகளுக்கு இடம் விட்டுச் சொல்லட்டும். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் லேவியர் நியாயப்பிரமாணத்தை வாசித்து அர்த்தஞ் சொல்லி ஜனங்களுக்கு விளங்கப்பண்ணிய காட்சி நமக்கு முன்மாதிரி. அவ்வகுப்பிலிருந்து திரும்பிய ஆய்வாளர் தம் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை மாற்றி எழுத நேர்ந்தால், அதனால் ஆய்வு கெட்டது என்று நாம் கருதோம். நன்னூலின் அரைப்பங்கு அங்கே வந்து சேர்ந்தது என்றே கருதுவோம்.

தடைகள்

ஆய்வு தாமதப்படும் என்பது முதல் தடை. இதில் உண்மை உண்டு. மானியக் குழுவின் விதிப்படி பி.எச்டி. ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு. குடும்பத்தை ஊரில் விட்டு வந்து உதவித்தொகையில் காலந்தள்ளும் போதகருக்கு ஓராண்டு நீளுதல் சிறிய துன்பமன்று. ஆகையால்தான் மணி நேரத்திற்கு வரம்பு வேண்டும்; ஒரே பாடத்தின் வகுப்புகளே அவருக்குத் தரப்பட வேண்டும்; அப்பாடம் அவருடைய ஆய்வை ஒட்டியதாயிருக்க வேண்டும்.

நெறியாளரே பயிற்சி பெறாதவராயிற்றே என்பது இரண்டாவது. இதற்கு நாம் அப்பொல்லோவையே நோக்குவோம். அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் அவரைச் சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர் என்கிறது. அப்படிப்பட்டவரைக் கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு தேவ மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தனர். சபை நடுவில் எழுந்து திருத்தாமல், சேர்த்துக்கொண்டு திருத்தினர் என்பது கவனிக்கத்தக்கது. நெறியாளருக்குத் தொழில்நுட்பம் குறைவாயிருக்கலாம். வகுப்பில் வந்து அமரவும், பின்பு பேசவும் மனமிருந்தால் இருவரும் ஒருமித்துக் கற்பர். பி.எட். பட்டம் பெற்றவர் நம் சபைப் பள்ளிகளில் ஏராளம். அவர்களில் அனுபவமுள்ள ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து வகுப்பைப் பார்க்கச் சொல்வதில் இறையியல் கல்லூரிக்கு இழிவொன்றும் இல்லை.

மூன்றாவது பணம். சவேரியார் காலத்தில் முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒரு தொகை ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டு வந்தது. அதை உபதேசியார்களின் சம்பளத்திற்குத் தரும்படி அவர் கேட்டுப் பெற்றார். நம் திருமண்டலங்களிலும் காலணிச் செலவுகள் இல்லாமற் போகவில்லை, பெயர்தான் வேறு. 2003இல் தனியாக உருவான தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தைப்போலவே ஏனைய திருமண்டலங்களும் ஆய்வுக்கு அனுப்பும் ஒவ்வொரு போதகருக்கும், ஆய்வு உதவித்தொகையோடு கற்பித்தல் பயிற்சிக்கெனச் சிறு தொகையை ஒதுக்கலாம். போக்குவரத்து, விடுதி, பார்வையாளராக வரும் பள்ளி ஆசிரியருக்கான மதிப்பூதியம் ஆகியவை தவிர அதற்குப் பெருஞ்செலவில்லை.

சபை வகுப்புக்குரிய காலத்தையும் நம் கடற்கரையே வகுத்துத் தருகிறது. விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பெரும்பாலான கல்லூரிகளின் கோடை விடுமுறையும் அதனுள் அடங்கும். வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்களில் வேலை ஓய்ந்திருக்கும்போது உப்பளத் தொழிலாளர் மாலையில் வரக்கூடும். ஆய்வு மாணவர்களின் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை வகுக்கும் குழுவினர் இவ்விரு பருவங்களையும் அட்டவணையில் குறித்துக்கொண்டு, எந்தச் சபை, எந்தப் பாடம், பின்வரிசையில் அமரும் நெறியாளர் யார் என்பதை ஜனவரிக்குள் முடிவு செய்தல் வேண்டும்.